கியருக்கும் பாட்டுக்கும் நடுவே

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் சாலையில், வண்டி பின்னால் வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். ஓட்டுநர் ரிவர்ஸ் கியரைப் போட்டதும் கியர்பாக்ஸில் பொருத்தியிருக்கும் சின்ன சுவிட்ச் அழுந்துகிறது. மின்சுற்று இணைகிறது, பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறது, கூடவே ஒரு மெட்டு கிளம்புகிறது. ‘வா, வா, இன்னும் வா, ஹோல்டேன்’ என்று கிளீனர் கத்துவது அந்த மெட்டுக்கு மேலேதான். இந்த வகை ஹாரன்களுக்கும், வீட்டு அழைப்பு மணிகளுக்கும், திறந்தால் பாடும் வாழ்த்து அட்டைகளுக்கும் பாட்டுக் கொடுத்த சிப்களில் பரவலான ஒன்று யுஎம்66. பார்த்தால் மூன்று கால் டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும். உள்ளே 64 சுரங்களுக்கான நினைவகம். மூன்று வோல்ட் கொடுத்தால் பாடத் தொடங்கிவிடும்.

சென்சார் ஒன்று, பாட்டு ஒன்று, நடுவில் எதுவும் இல்லை. வண்டி சுவருக்கு இருபது அடி தள்ளி இருந்தாலும் இரண்டு அடியில் இருந்தாலும் மெட்டு அதேதான். மெதுவாக வந்தாலும் அதேதான், மோதப் போனாலும் அதேதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரம் எழுப்பும் ஹாரனைத் தடை செய்கிறது. அந்த விதிக்கு எவ்வளவு மதிப்பு என்பது சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றவருக்குத் தெரியும்.

கார்களில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சாரும் வேக எச்சரிக்கையும் கட்டாயம். சேலத்திலிருந்து கோவை நோக்கி 544ஆம் தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு, 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் விட்டு விட்டுக் கேட்கும் அந்த ‘பீப்’ பழக்கமானது. 120-ஐத் தாண்டினால் அது விடாமல் ஒலிக்கும். பார்க்கிங் சென்சார் இன்னும் ஒரு படி மேல்: தூரம் குறையக் குறைய பீப்புக்கும் பீப்புக்கும் இடைவெளி சுருங்குகிறது. ரிவர்ஸ் ஹாரன் ஆம், இல்லை என்று மட்டும் சொல்கிறது. வேக எச்சரிக்கை இரண்டு எல்லைக்கோடுகளை அறியும். பார்க்கிங் சென்சாருக்கோ தொடர்ந்து மாறும் ஓர் அளவு தெரியும். உலகத்தைத் தொட்டுப் பார்க்கும் கருவியை ஒலியோடு இணைக்கும் கலை இந்த மூன்று வழிகளில்தான் நடக்கிறது. கணினி விளையாட்டுகளுக்கு ஒலி அமைப்பவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மூன்றையும் கலந்து சமைத்து வருகிறார்கள். அவர்களுடைய மென்பொருளை எடுத்து, திரைக்கு வெளியே இருக்கும் கதவு, ஊஞ்சல், தறி, வண்டி ஆகியவற்றோடு கட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது பல நாடுகளில் கலைஞர்களும் பொறியாளர்களும் சோதித்துவரும் விஷயம்.

சென்சார் வழியாக ஒலி என்பது சேலத்துக்குப் புதிதே இல்லை. டி.ஆர். சுந்தரம் 1935-இல் இங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அந்தக் காலப் படச்சுருளில் ஒலி என்பது படத்தின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ஒளிக்கோடு. புரொஜெக்டரில் ஒரு விளக்கின் வெளிச்சம் அந்தக் கோட்டை ஊடுருவி ஒளி உணரும் செல் ஒன்றில் விழும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மின்னோட்டமாகி, ஸ்பீக்கரில் வசனமாகும். கொட்டகையில் கேட்ட ஒவ்வொரு ‘டயலாக்’கும் ஓர் ஒளி சென்சார் படித்துக் காட்டியதுதான். ஆனால் அந்த ஒலி படத்தோடு கட்டிப்போடப்பட்டது. கதாநாயகன் எந்த நொடியில் கதவைத் தட்டுவான் என்பது படத்தொகுப்பு முடிந்த அன்றே தீர்மானமாகிவிடும்.

விளையாட்டில் அந்த நொடி யாருக்கும் தெரியாது. ஆடுகிறவர் கதவருகே பத்து நிமிடம் சும்மா நிற்கலாம், திரும்பி ஓடலாம். 1991-இல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’ விளையாட்டுக்காக லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். ஆடுகிறவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது இசை வெட்டுப்படாமல், அடுத்த பொருத்தமான தாளத்தில் திரும்பிக்கொள்ளும். அதன் பிறகு இந்த வேலைக்கென்றே தனி மென்பொருள்கள் வந்தன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்த எஃப்மாட் 1995-லும், கனடாவின் மான்ட்ரியலில் ஆடியோகைனெட்டிக் நிறுவனம் உருவாக்கிய வைஸ் 2006-லும் வெளியாயின. கற்பவர்களும் சிறு திட்டங்கள் செய்பவர்களும் இரண்டையும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

இவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வண்டி எஞ்சினே நல்ல உதாரணம். பந்தய விளையாட்டில் கார் எஞ்சின் ஒலி அமைப்பவர், 1000, 2500, 4000 என்று பல சுழல்வேகங்களில் பதிவுசெய்த ஒலிகளை ஒரு பட்டையில் வரிசையாக வைக்கிறார். ஒன்று தேயும் இடத்தில் அடுத்தது எழுகிறது. எஞ்சின் சுமை ஏறியிருக்கிறதா, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது அளவு. இப்படி வெளியிலிருந்து வரும் எண்ணுக்குப் பாராமீட்டர் என்று பெயர். எண் இவ்வளவு ஆனால் ஒலி இப்படி மாற வேண்டும் என்பதை ஒலியமைப்பாளர் கையால் ஒரு வளைகோடாக வரைகிறார். மென்பொருளுக்கு அந்த எண் எங்கிருந்து வருகிறது என்ற கவலை இல்லை. திரையில் ஓடும் பொம்மைக் காரிலிருந்து வந்தாலும் சரி, பட்டறையில் உறுமும் நிஜ எஞ்சினிலிருந்து வந்தாலும் சரி. இந்த அலட்சியம்தான் சென்சார்காரர்களுக்குக் கிடைத்த வரம்.

இணைப்பு வேலை எப்படி நடக்கிறது? மின்னணுக் கடையில் நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் எச்.சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சாரை எடுத்துக்கொள்ளலாம். பொம்மையின் இரண்டு கண்கள் மாதிரி முகப்பு. ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் துடிப்புகளை அனுப்பும், மறு கண் எதிரொலிக்காகக் காத்திருக்கும். போய்த் திரும்ப ஆன நேரத்தை ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டு அளந்து தூரமாக மாற்றும். அந்த எண் யுஎஸ்பி கம்பி வழியாகக் கணினிக்குப் போகும். அங்கே யூனிட்டி போன்ற விளையாட்டு எஞ்சினில் ஓடும் சில வரி நிரல் அதை வாங்கி எஃப்மாட்டின் பாராமீட்டருக்குக் கொடுக்கும். வைஸ் என்றால், மின்னணு வாத்தியங்கள் கணினியோடு பேசும் மொழியான மிடி வழியாக நேரே இணைக்கவும் வழி இருக்கிறது. இவ்வளவையும் ஒரு பொறியியல் மாணவர் ஒரே மாலையில் செய்துவிடலாம். இழுத்தடிப்பது அதற்குப் பிந்தைய வேலைதான்.

முதல் இழுபறி வெயில். இந்த சென்சாருக்கான பாடநூல் கணக்கு ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அது 20 டிகிரி குளிருக்கான கணக்கு. சித்திரை மாதத்துச் சேலத்தில் 40 டிகிரியில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 355 மீட்டர் ஓடும். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரைச் சென்சார் பத்து சென்டிமீட்டர் அருகில் இருப்பதாகச் சொல்லும். கூடவே ஒரு வெப்பமானி சென்சாரை வைத்துத் திருத்தினால் சரியாகிவிடும். ஆனால் லண்டனில் எழுதிய நிரலை அப்படியே இறக்கிப் பயன்படுத்துகிறவருக்கு இது உறைப்பதில்லை.

அடுத்தது நேரம். இந்தச் சென்சாரை 60 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் கேட்க வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. அதற்குள் கேட்டால் பழைய எதிரொலியும் புதியதும் குழம்பும். அதாவது நொடிக்குப் பதினாறு அளவுகள். ஒருவர் அறைக்குள் நடந்து வருவதைக் கண்டு ஓசையை மாற்ற இது தாராளம். தட்டினால் உடனே ஒலிக்க வேண்டிய தாள வாத்தியத்துக்கு இது உதவாது. அதற்குப் பீசோ தகடு வேண்டும். தட்டிய அதிர்வே அதில் மின்னழுத்தமாகிவிடும். கணினியின் ஒலி அட்டையும் தன் பங்குக்குத் தாமதிக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 1024 மாதிரிகளைச் சேர்த்து வைத்து அனுப்பினால் 21 மில்லி நொடி அங்கேயே போய்விடும். சாதாரணக் காது இதைப் பொறுத்துக்கொள்ளும். மிருதங்கம் வாசித்துப் பழகிய கை பொறுக்காது.

கம்பியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆர்டுயினோ பாடங்களில் பெரும்பாலும் 9600 என்ற வேகத்தைப் போட்டிருப்பார்கள். அந்த வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் போகும். ‘512’ என்ற எண்ணும் வரி முடிவுக் குறிகளும் சேர்ந்து ஐந்து எழுத்து. ஆக நொடிக்கு 192 எண்ணுக்கு மேல் போகாது. நிரல் அதற்கு மேல் தள்ளினால், முந்தைய எண்கள் கம்பியில் போய் முடியும் வரை காத்து நிற்கும், ஒலி மாறுவதும் பிந்தும். பார்ப்பவர் சென்சார் கெட்டுவிட்டது என்பார். 115200 என்று ஓர் எண்ணை மாற்றினால் தீரும் நோய் அது. மிடி வழியாகப் போனால் வேறு நட்டம்: ஆர்டுயினோ ஊனோ 0 முதல் 1023 வரை அளக்கும், 1983-இல் பிறந்த மிடியின் சாதாரணக் கட்டுப்பாட்டுச் செய்தியோ 0 முதல் 127 வரைதான் சுமக்கும். எட்டுப் படிகள் ஒரே படியாகிவிடும்.

எண் எப்போதும் நடுங்கும். சும்மா வைத்த சென்சாரும் 200, 203, 199 என்று தத்தளிக்கும். சுவிட்சை ஒருமுறை அழுத்தினாலும் தகடு துள்ளி நான்கைந்து முறை தொட்டு விலகும். ரிவர்ஸ் ஹாரனுக்கு இது பொருட்டே இல்லை, ஆனால் விளையாட்டு மென்பொருளில் ஒரே கதவு ஐந்து முறை சாத்தும். ஆகவே துள்ளலை வடிகட்ட வேண்டும், நடுக்கத்தைச் சராசரியால் தணிக்க வேண்டும், எல்லைக்கோட்டைத் தாண்டும் எண்ணும் திரும்பும் எண்ணும் வேறு வேறாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 79-க்கும் 81-க்கும் இடையே ஓடும் வண்டியில் பீப் பைத்தியம் பிடித்தாற்போல ஒலிக்கும். எஃப்மாட்டிலும் வைஸிலும் பாராமீட்டர் புதிய மதிப்புக்கு எவ்வளவு வேகத்தில் நகரலாம் என்று சொல்லிவிட இடம் உண்டு. பாதி வடிகட்டல் அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இவை எல்லாம் கைவேலை. எந்த அளவை எந்த ஒலியோடு எப்படிக் கட்டுவது என்பதில்தான் பல திட்டங்கள் தோற்றுப் போகின்றன. 2009-இல் ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் ரயில் நிலையப் படிக்கட்டைப் பியானோவாக மாற்றினார்கள். ஒரு படிக்கு ஒரு சுரம். வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகச் செய்தது, உலகமெல்லாம் காணொளியாகச் சுற்றியது. முதல் முறை ஏறுகிறவருக்குக் கொண்டாட்டம்தான். தினமும் ஏறுகிறவருக்கு? இந்த இணைப்பில் யுஎம்66-ஐவிட அதிகமாக எதுவும் இல்லை, சுவிட்சுகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. 2011-இல் மான்ட்ரியலில் ‘டெய்லி து லே ஜூர்’ குழு அமைத்த 21 ஊஞ்சல்கள் வேறு ரகம். ஒரு ஊஞ்சல் ஆடினால் சில சுரங்கள் மட்டும் கேட்கும். பலர் ஒன்றுசேர்ந்து ஆடினால்தான் சில மெட்டுகளே பிறக்கும். பக்கத்து ஊஞ்சலில் யார், எந்தக் கதியில் ஆடுகிறார் என்பது ஒலிக்குத் தெரிந்திருக்கிறது. நிலையை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும் இந்தப் புத்தி விளையாட்டு ஒலியின் அடிப்படைப் புத்தி.

இன்னும் சிக்கனமான உதாரணம் சேலத்து அறுவை அரங்குகளிலேயே கேட்கும். நோயாளியின் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு பீப் கொடுக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்தப் பீப்பின் சுருதி இறங்கும். ஒரே சென்சாரிலிருந்து இரண்டு செய்திகள், ஒன்று தாளத்தில், மற்றொன்று சுருதியில். மயக்க மருந்து நிபுணர் திரையைப் பார்க்காமலே ஆபத்தை அறிந்துவிடுவார். மென்பொருள் எத்தனை இருந்தாலும் இதைவிட நேர்த்தியான இணைப்பைச் செய்வது கடினம்.

தமிழ்நாட்டு இசையில் இந்தத் தேடலின் முகமாக இருப்பவர் ஏ.ஆர். ரஹ்மான். கன்டினுவம் ஃபிங்கர்போர்டு என்ற வாத்தியத்தை அவர் 2009-இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் வாசித்தார். அதில் கட்டைகளே கிடையாது. விரல் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் தொடர்ச்சியாக உணரும் பரப்பு மட்டும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் உள்ள வழியே கமகம் என்று வாழும் இசை மரபுக்குப் பியானோக் கட்டை போதாது என்பதை அந்தக் கருவி நன்றாகவே காட்டியது. 2016 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், இன்டெலின் கியூரி என்ற பட்டன் அளவுக் கருவியை மாட்டிக்கொண்டு கையசைவால் இசையெழுப்பும் நிகழ்ச்சி ஒன்றையும் அவர் நடத்தினார். அடுத்த ஆண்டே இன்டெல் கியூரியைக் கைவிட்டது. ஒரு நிறுவனத்தின் ஒற்றைச் சிப்பை நம்பி வாத்தியம் செய்தால் வரும் சங்கடம் அது. இந்திய வம்சாவளி அமெரிக்கரான அஜய் கபூர் 2002-இல் மின்னணுத் தபலாவையும் 2004-இல் மின்னணுச் சித்தாரையும் சென்சார்கள் கொண்டு உருவாக்கி ஆய்வரங்குகளில் முன்வைத்தார். மரபு வாத்தியக்காரரின் கைப்பழக்கத்தை மாற்றாமல் கணினிக்குக் கொண்டுபோகும் முயற்சிகள் அவை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இயல்பான இடம் எதுவென்றால் முதலில் தறிக்கூடத்தைத்தான் சொல்ல வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை என்று விசைத்தறி ஓடாத தெரு குறைவு. தறியிலேயே இயந்திர சென்சார் உண்டு: ஊடை நூல் அறுந்தால் அதை உணரும் முள் விழுந்து தறியை நிறுத்திவிடும். ஒருவரே பல தறிகளைப் பார்க்கும் கூடத்தில், தறி ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தறியின் அடி மாறுவதைக் கேட்டே திரும்புவார். அந்தக் காது 90 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் தேய்கிறது என்பதுதான் துயரம். தறியின் சட்டத்தில் அதிர்வு சென்சார் ஒன்றைப் பதித்து, இரைச்சலைத் தடுக்கும் காதுக் கவசத்தில் தறி வாரியாக ஒலியை அனுப்பினால், காதும் தப்பும், செய்தியும் வரும். இங்கே விளையாட்டு மென்பொருள் சரியாகப் பொருந்தும். இடது தறியின் ஒலி இடமிருந்து, பின் தறியின் ஒலி பின்னாலிருந்து வரச்செய்வது அதன் அன்றாட வேலை. நன்றாக ஓடும் தறி பேசவே கூடாது, தடுமாறும் தறி மட்டும் பேச வேண்டும் என்ற அமைப்பையும் நாலு வளைகோட்டில் வரைந்துவிடலாம். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே இன்னொரு ஓசையா என்று தறிக்காரர் கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கூடவே பஞ்சுத் தூசு படிந்து ஒளி சென்சார்கள் கண் அவிந்துபோகும், மோட்டாரின் மின்சத்தம் சென்சார் கம்பியில் ஏறிவிடும். இவற்றைச் சமாளிக்காத கருவி ஒரு வாரம் தாங்காது.

எல்லாவற்றுக்கும் விளையாட்டு மென்பொருள்தான் வேண்டுமா? வேண்டாம். ஒரு கதவு, ஒரு மணி என்றால் யுஎம்66 இன்னும் போதும். புதிய ஓசைகளை அடிமட்டத்திலிருந்து உருவாக்க விரும்புகிறவருக்கு, மில்லர் பக்கெட் 1996-இல் வெளியிட்ட, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் பியூர் டேட்டா அதிக சுதந்திரம் தரும். தாமதத்தை ஒரு மில்லி நொடிக்குக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பிறந்த பேலா போர்டு இருக்கிறது. எஃப்மாட்டும் வைஸும் பலம் காட்டுவது பல அளவுகள், பல நிலைகள், மணிக்கணக்கில் சலிக்காமல் ஓட வேண்டிய சூழல் ஒலி ஆகியவை ஒன்றுசேரும் இடத்தில்தான். 120 அடி முழுக் கொள்ளளவு மட்டம் கொண்ட மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும், மதகு வழியே போகும் கன அடியையும் வைத்து ஓர் அருங்காட்சியக அறையின் ஓசையை நாள்தோறும் மாற்றுவது போன்ற வேலைக்கு அவை பொருத்தம். 1934 முதல் நீர் தேக்கிவரும் அணைக்கு எண்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் சட்டமும் சந்தையும் இப்போது தள்ளிக்கொண்டு போகும் திசை வண்டிதான். மின்சார வண்டி மெதுவாகப் போகும்போது சத்தமே வராது; நடந்து போகிறவருக்கு, குறிப்பாகப் பார்வையற்றவருக்கு, அது ஆபத்து. 2016-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஒழுங்குமுறை 138, மணிக்கு 20 கிலோமீட்டர் வரை வண்டி செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய ரகங்களுக்கு இது கட்டாயம். இந்தியாவில் 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வரைவு, பயணிகள் வண்டிகளோடு சரக்கு வண்டிகளையும் சேர்த்திருக்கிறது. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் மின்சார எஸ்யூவிகளுக்கு ஒலிகளை அமைத்தவரும் ரஹ்மான்தான். ஆடியோகைனெட்டிக் நிறுவனமோ வைஸைக் கார்களுக்கென்றே தனிப் பிரிவாக விற்கிறது. விளையாட்டில் பொம்மை எஞ்சினுக்குப் பாராமீட்டர் கொடுத்த மென்பொருள் எஞ்சினே இல்லாத நிஜ வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த ஐ.நா. ஒழுங்குமுறையில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. 5 முதல் 20 கிலோமீட்டர் வரை வேகம் கூடும்போது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 0.8 சதவீதமாவது சுருதி ஏற வேண்டும். பதினைந்து கிலோமீட்டருக்கு மொத்தம் 12 சதவீதம். கர்நாடக சங்கீதத்தில் சட்ஜமத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு ஏறும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். லாரிகளின் தகவல் கம்பியில் சக்கர வேகம் 100 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பத்து முறை வரும். எம்சிபி2515 சிப் உள்ள மலிவான ஒரு போர்டும் ஆர்டுயினோவும் இருந்தால் திருச்செங்கோட்டு மாணவரும் அதை லேப்டாப்பில் படித்து எஃப்மாட்டுக்குக் கொடுக்கலாம். வரும் எண்ணை அப்படியே கொடுத்தால் சுருதி வழுக்கி ஏறாமல் படிப்படியாகத் தாவும், ஆகவே இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள வழியை மென்பொருள் நிரப்ப வேண்டும். 20-ஐத் தொட்டதும் ஒலியைச் சட்டென்று நிறுத்தினால், அருகில் நடப்பவர் வண்டி நின்றுவிட்டதாக நினைத்துச் சாலையில் இறங்கக்கூடும். 20-லிருந்து 25 வரை, டயரின் இரைச்சல் எழும் அளவுக்குப் பார்த்துப் பார்த்து அதைக் கரைக்க வேண்டியிருக்கிறது.